இரண்டு பேர் நடத்திய வீட்டை ஒருவர் நடத்துவது

கேள்வி இதுதான்: கணவனையோ மனைவியையோ இழந்தவர், வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, அந்த வீட்டில் ஒவ்வொரு நாளையும் எப்படிக் கடத்துவது? எதை உடனே செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்? மனம் ஆறும்வரை வீட்டு வேலைகளை அப்படியே போட்டுவைக்கலாமா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான் வரும். மனம் முதலில் ஆறட்டும், வீட்டை அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருந்தால் இரண்டுமே நடக்காது. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் இதைப் பற்றி எழுதினார்கள். துணையை இழந்தவர் ஒரு பொழுது இழப்புக்குள்ளேயே கிடப்பார். இன்னொரு பொழுது அந்த இழப்பு தலையில் ஏற்றிய புதுக் காரியங்களில் இருப்பார். இரண்டுக்கும் நடுவே போய்ப்போய் வருவதுதான் இயல்பான துக்கம் என்றார்கள். காலையில் அழுதுவிட்டுப் பத்து மணிக்கு பேங்குக்குப் போகிறவருக்குக் கல்நெஞ்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். பேங்க் வரிசையில் நிற்கும்போது கண் கலங்கினால் அவர் உடைந்துபோய்விட்டார் என்றும் நினைக்க வேண்டாம். 'துக்கத்துக்கு ஐந்து கட்டம், ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும்' என்று சொல்பவர்கள் உண்டு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்தக் கட்டங்களை எழுதியது, தங்கள் சாவை எதிர்கொண்டிருந்த நோயாளிகளைப் பார்த்து. அதைப் படிக்கட்டாக வைத்துக்கொண்டு 'நான் எந்தப் படியில் நிற்கிறேன்' என்று தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்.

அடுத்தது, பலரைப் பயமுறுத்துகிற மறதி. சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாது. அடுப்பில் பாத்திரம் தீய்ந்துபோகும். ஒரு அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பார்கள். தூக்கமின்மையும் துக்கமும் கவனத்தைத் தின்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அதிகம் பேர் யோசிப்பதில்லை. நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் நினைவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 1985இல் டேனியல் வெக்னரும் உடன் பணியாற்றியவர்களும் தம்பதிகளைப் பற்றி எழுதியபோது இதைத்தான் விளக்கினார்கள். இன்சூரன்ஸ் எப்போது கட்ட வேண்டும் என்பது ஒருவர் தலையில் இருக்கும், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது இன்னொருவர் தலையில் இருக்கும். 'அது அவருக்குத் தெரியும்' என்ற ஒன்றை மட்டும் நாம் வைத்திருப்போம். ஆள் போனதும் அந்தப் பாதியும் போய்விடுகிறது. உங்கள் மூளை மழுங்கவில்லை. வீட்டின் ஞாபகத்தில் பாதி காணாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

(வயதானவர்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சிலருக்கு மறதி நோய் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். துணை உடனிருந்து ஒவ்வொன்றையும் எடுத்துக்கொடுத்து ஈடுகட்டி வந்ததால் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்காது. பழக்கமான வழியில் தொலைவது, மாதத்தையும் வருடத்தையும் குழப்புவது, ஒரே பில்லை இரண்டு முறை கட்டுவது போன்றவை மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் 'பாவம், துக்கத்தில் இருக்கிறார்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.)

போன பாதியை மீட்க ஒரு நோட்டு போதும். ஃபோனில் எழுதுவதைவிடத் தாளில் எழுதுவது நல்லது; சார்ஜ் தீராது, பாஸ்வேர்ட் கேட்காது. வாசலில் தொடங்கி வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள், ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. மின்சார மெயின் சுவிட்ச் எங்கே, எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு. தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு எங்கே, அது கையால் திரும்புகிறதா இல்லை துருப்பிடித்து இறுகிவிட்டதா. இதை இப்போதே திருப்பிப் பாருங்கள், குழாய் வெடித்த இரவில் பார்க்க முடியாது. கேஸை எங்கே மூடுவது, குழாயில் மாற்ற வேண்டிய தேதி அச்சாகியிருக்கிறதா. குடிநீர் வடிகட்டி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு. தெரியாத சாவிகளைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள், லாக்கரின் சாவி அதில் இருக்கலாம். பழுது பார்க்க வருபவர்களின் எண்கள் போனவரின் ஃபோனில் இருக்கும். அவற்றில் பத்தை நோட்டில் எழுதினாலே பாதி பயம் போய்விடும்.

வண்டி இருந்து, அதை அவர் மட்டுமே ஓட்டியிருந்தால், நிற்கவிடுவதால் பேட்டரி இறங்கிவிடும். வாசலிலேயே இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது உதவாது, ஸ்டார்ட் செய்ய இழுத்த மின்சாரத்தைத் திருப்பிச் சேர்க்கக்கூட அந்த நேரம் போதாது. வாரம் ஒருமுறை இருபது முப்பது நிமிடம் ஓட்ட வேண்டும். யாரையாவது ஓட்டச் சொல்வதற்கு முன், இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டிக்கு அந்த இன்சூரன்ஸ் இன்னும் செல்லுமா என்று கம்பெனியில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உடம்பு. துக்கத்தில் இருப்பவரிடம் 'சாப்பிட்டீர்களா' என்று எல்லாரும் கேட்பார்கள். அதைவிட அவசரமான கேள்வி: 'உங்கள் மாத்திரையை யார் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்?' பல வீடுகளில் அது துணையின் வேலை. ஏழு நாளுக்கும் தனித்தனிக் கட்டம் உள்ள மாத்திரை டப்பாவை வாங்கி, வாரத்தில் ஒரே நாளில் நிரப்புங்கள். போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் கட்டத்தைப் பார்த்தால் போதும். சந்தேகத்தில் இரண்டாவது முறை போடுவது தவிரும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சாப்பாடு பாதியாகக் குறைந்திருக்கும்போது மருந்தின் அளவு பழையபடியே இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். வியர்வை, கை நடுக்கம், தலை கிறுகிறுப்பு, பேச்சில் குழப்பம் இவற்றைத் 'துக்கத்தில் வந்த மயக்கம்' என்று சுற்றியிருப்பவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வது உண்டு. சாப்பாடு குறைந்துவிட்டது என்பதை முதல் வாரத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒருவருக்குச் சமைப்பது, இருவருக்குச் சமைப்பதைப் பாதியாக்குவதில் முடிவதில்லை. அதே பாத்திரத்தில் பாதி அளவு போட்டால் மெல்லிசாகப் பரவி, தண்ணீர் சீக்கிரம் சுண்டி, அடி பிடிக்கும். சின்னப் பாத்திரத்துக்கு மாற வேண்டும். தண்ணீரைப் பாதிக்குச் சற்று அதிகமாக வைக்க வேண்டும், ஏனென்றால் கொதிக்கும் நேரம் பாதியாகக் குறைவதில்லை, ஆவியாகப் போவதும் பாதியாவதில்லை. உப்பையும் காரத்தையும் பாதிக்குக் குறைவாகப் போட்டு, ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கெல்லாம் இப்போது முடியாது என்றால், கை பழகிய பழைய அளவிலேயே சமைத்துப் பாதியை எடுத்துவையுங்கள். எடுத்துவைப்பதை இரண்டு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத டப்பாவில் பரப்பி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஆழமான பாத்திரத்தில் நடுப்பகுதி நெடுநேரம் சூடாகவே இருந்து கெட்டுவிடும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள். நாட்கள் ஒன்றுபோலவே தெரியும் காலம் இது, 'நேற்று வைத்தது' என்று நினைத்தது ஆறு நாள் பழையதாக இருக்கும். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து ஆவி பறக்கச் சூடாக்குங்கள், மிச்சத்தைத் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம்.

சமையலறைப் பக்கமே போகாதவர் தனியாகிவிட்டால், முதல் மாதத்துக்கு மூன்றே மூன்று பதார்த்தம் போதும். தெரிந்தவர் ஒருவரை அருகில் நிறுத்தி, உங்கள் கையாலேயே செய்து, அளவைக் கரண்டிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். 'பொன்னிறமாக வரும்வரை' என்று எழுதாமல் 'இந்த அடுப்பில், நடுத்தரத் தீயில், நான்கு நிமிடம்' என்று எழுதுங்கள். அடுப்பு எரியும்போது சமையலறையைவிட்டு வெளியே வராதீர்கள். வந்தே ஆக வேண்டும் என்றால் தீயை அணைத்துவிட்டு வாருங்கள். டைமர் வைப்பவர்கள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அடுப்படியில் வைத்த டைமர் அடுத்த அறைக்குக் கேட்காது.

எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதும் சின்ன விஷயம் இல்லை. எதிரே காலி இடத்தைப் பார்த்தபடி சாப்பிட முடியாமல்தான் பலர் நின்றுகொண்டே ரெண்டு வாய் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர் உட்கார்ந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள், அது எதிரே காலியிடம் தெரிவதைவிட எளிது. அல்லது ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருங்கள். பசி எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், இப்போதைக்குப் பசியை நம்ப முடியாது. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிக் கண்ணில் படும் இடத்தில் வைத்தால் எவ்வளவு குடித்தோம் என்று தெரியும். வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். முயற்சி செய்யாமலேயே ஆறு மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57க்குக் கீழே போனால், டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இதயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1969இல் காலின் மர்ரே பார்க்ஸும் உடன் ஆய்ந்தவர்களும், மனைவியை இழந்த 54 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைப் பற்றிய கணக்கை வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே இறப்பு, அதே வயதில் மனைவியுடன் வாழும் ஆண்களைவிட 40 சதவீதம் அதிகமாக இருந்தது. கூடுதல் இறப்புகளில் இதய நோய்தான் முன்னால் நின்றது. பெண்களைப் பொறுத்தவரை, குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, அதிர்ச்சியால் இதயத்தின் கீழ்ப்பகுதி பலூன்போல் வீங்கும் 'டகோட்சுபோ' என்ற கோளாறு வரலாம். ஜப்பானில் 1990இல் விவரித்தார்கள். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், ஆனால் அறிகுறி மாரடைப்பைப் போலவே இருக்கும். நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் 'மனசு வலிக்கிறது' என்று படுத்துவிடாதீர்கள். எது என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரவுதான் பலருக்குக் கடினம். படுக்கையில் எந்தப் பக்கம் படுப்பது என்பதில் தொடங்கும். நடுவில் படுக்கலாம், அவர் பக்கத்துக்கு மாறலாம், தலைமாட்டையே வேறு சுவருக்குத் திருப்பலாம், சில மாதம் வேறு அறையில் படுக்கலாம். எதுவும் துரோகம் இல்லை. எழும் நேரத்தை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும். மூன்று மணிக்கு விழிப்பு வந்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து துணி மடிப்பது போல ஏதாவது செய்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பப் படுங்கள். விழித்தபடி புரண்டுகொண்டே கிடந்தால் 'படுக்கை என்றால் விழிப்பு' என்று உடம்பு பழகிவிடும். மது தூக்கத்தை வரவழைப்பது போலத் தெரியும், ஆனால் பின்னிரவில் எழுப்பிவிடும். தொடர்ந்தால் அதுவே இரண்டாவது கஷ்டமாகிவிடும். அலமாரியில் இருக்கும் அவருடைய தூக்க மாத்திரையை எடுத்துப் போடுவது இதைவிட ஆபத்து. அந்த அளவு அவருடைய உடம்புக்கும் நோய்க்கும் எழுதியது.

அவர் நடமாடும் சத்தம் கேட்டது, கூப்பிட்டது போல இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக உணர்ந்தேன் என்பதை வெளியே சொல்லப் பலர் தயங்குகிறார்கள். பைத்தியம் பிடிக்கிறது என்று பயப்படுகிறார்கள். 1971இல் வெளியான ஆய்வு ஒன்றில், டெவி ரீஸ் என்ற டாக்டர் வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரிடம் இதைக் கேட்டார். ஏறத்தாழப் பாதிப் பேர் இப்படி உணர்ந்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் அதுவரை வேறு யாரிடமும் சொன்னதே இல்லை. அவரோடு வாய்விட்டுப் பேசுவதும் அப்படித்தான், தாராளமாகப் பேசுங்கள். அந்தக் குரல் உங்களைத் திட்டினாலோ, உயிரை விடச் சொன்னாலோ, அது வேறு விஷயம். அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது ஃபோனும் காகிதங்களும். பலர் இங்கே வரிசையைத் தலைகீழாக்கிச் சிக்கிக்கொள்கிறார்கள். நல்லெண்ணத்தில் யாராவது முதல் வாரத்திலேயே இறந்தவரின் சிம்மை ரத்து செய்துவிடுவார்கள். அப்புறம் இ-மெயிலுக்கும் மின்சாரக் கணக்குக்கும் உள்ளே போக முடியாது, ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தானே வரும்! எண்ணைக் கடைசியில் மூடுங்கள். அதுவரை குறைந்தபட்ச ரீசார்ஜில் உயிரோடு வையுங்கள். மூடிய எண்ணைக் கம்பெனிகள் கொஞ்ச நாளில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும், அதற்குமுன் எல்லாக் கணக்குகளிலிருந்தும் அதை நீக்கியிருக்க வேண்டும். ஃபோனின் லாக் தெரியாவிட்டால் ஊகித்து ஊகித்துப் போட வேண்டாம். தப்பான எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஃபோன் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளலாம், சில அமைப்புகளில் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்தும் போகும்.

சொந்தப் படங்களும் குரலும்தான் பிறகு அதிகம் வலிக்கும் இழப்பு, அதனால் பணக் கணக்குகளுக்கு முன்பே இதைச் செய்யச் சொல்வேன். வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் நீக்கப்படும். கூகுள் கணக்கை இரண்டு வருடம் யாரும் தொடாவிட்டால் நீக்கிவிடும் கொள்கை இருக்கிறது. மாதக் கட்டணம் கட்டிய சேமிப்பிடத்தில் படங்கள் இருந்தால், 'இது எதற்கு வீண் செலவு' என்று நிறுத்துவதற்கு முன் இறக்கி எடுங்கள். அவர் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பிய குரல் செய்திகளைத் தனி ஃபைலாகச் சேமித்து, இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். இப்போது கேட்க முடியாமல் போகலாம், கேட்க வேண்டியதில்லை. எடுத்து வைத்தால் போதும்.

இறப்புச் சான்றிதழில் முத்திரையிட்ட அசல் பிரதிகளைப் பத்து வரை வாங்கிக்கொள்ளுங்கள்; சில இடங்களில் அசலையே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெயரின் எழுத்து, பிறந்த தேதி எல்லாம் அடையாள அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஒவ்வோர் அலுவலகமும் திருப்பி அனுப்பும். பேங்க் ஸ்டேட்மென்ட்டை பதின்மூன்று மாதத்துக்கு எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை தானாகக் கழியும் தொகைகள் ஆறு மாதக் கணக்கில் தெரியாது, பன்னிரண்டில் ஓரத்தில் நழுவிப்போகலாம். அவருடைய கார்டையும் பின் எண்ணையும் வைத்துப் பணம் எடுக்காதீர்கள். உங்கள் பணம்தான் என்றாலும், இறந்த தேதிக்குப் பிறகு எடுத்தது பின்னால் வாரிசுகளுக்கிடையே சண்டையாகவோ சட்டச் சிக்கலாகவோ முளைக்கும். இறந்த பிறகு வந்த பென்ஷனையும் தொடாதீர்கள், திருப்பிக் கேட்பார்கள். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம்: போன தேதி, பேசியவர், கொடுத்த காகிதம், அவர்கள் சொன்ன அடுத்த தேதி. ஒரு நாளைக்கு ஓர் அலுவலகம் போதும். ஒவ்வொரு ஜன்னலிலும் 'இறந்துவிட்டார்' என்று சொல்ல வேண்டியிருப்பதே பாதி களைப்பு. கூட ஒருவரை அழைத்துப் போய், அந்த வாக்கியத்தை அவரைச் சொல்லச் செய்யுங்கள்.

இந்த நேரத்தில் ஏமாற்றுபவர்களும் தேடி வருவார்கள். இரங்கல் அறிவிப்பில் பெயர், வயது, முகவரி எல்லாம் இருக்கும். 'உங்கள் கணவர் எங்களிடம் கடன் வாங்கியிருந்தார்', 'அவர் ஆர்டர் செய்த பொருள், பாக்கியைக் கொடுங்கள்' என்று வந்தால், எழுத்தில் ஆதாரம் கொடுங்கள், வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். இன்சூரன்ஸ் பணம் வந்த செய்தி பரவியதும் உறவில் கைமாற்று கேட்பவர்களுக்கும் ஒரே பதிலாகச் சொல்லலாம்: 'ஒரு வருடத்துக்கு எதையும் தொடுவதாக இல்லை.' வீட்டை விற்பது, பிள்ளைகளோடு போய்ச் சேர்வது, பெரிய முதலீடு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வருடம் பொருந்தும். வருமானமோ உடல்நிலையோ கட்டாயப்படுத்தினால் தவிர, முதல் வருடத்தில் எடுக்கும் முடிவு வெறுமையிலிருந்து தப்பிக்க எடுத்ததாக இருக்கும். பிள்ளைகள் அன்பில்தான் கூப்பிடுவார்கள். பூட்டிவிட்டுப் போய் மூன்று மாதம் இருந்து பாருங்கள், விற்க வேண்டாம்.

மருந்துகளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இறந்தவரின் மருந்துகளை முதல் வாரத்திலேயே உங்கள் மாத்திரைகள் இருக்கும் இடத்திலிருந்து பிரித்து, மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இன்சுலின் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூட வேண்டும், குப்பை எடுப்பவர் கையில் குத்தும். வலிக்காகத் தோலில் ஒட்டிய ஃபென்டனில் பட்டைகளில் பயன்படுத்திய பிறகும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகள் கையில் படாமல் ஒப்படையுங்கள். வாடகைக்கு எடுத்த கட்டில், ஆக்சிஜன் இயந்திரம் போன்றவற்றையும் சீக்கிரம் அனுப்பிவிடலாம். வாடகை ஒருபுறம், அவை அந்த அறையை நோய் அறையாகவே வைத்திருக்கும். நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இந்தக் காலி அறை இன்னொரு விதமாகக் கனக்கும். மருந்து கொடுக்கும் மணிக்கு விழிப்பு வரும், செய்ய எதுவும் இருக்காது. 'அப்பாடா' என்ற ஓர் ஆசுவாசம் வரும், வந்ததற்காகக் குற்ற உணர்ச்சியும் வரும். உடம்பு வருடக்கணக்கில் சுமந்ததை இறக்கிவைக்கிறது, அன்பு குறைந்ததாக அர்த்தம் இல்லை.

துணிமணிக்கு அவசரமே இல்லை. யாராவது 'பார்க்கப் பார்க்கக் கஷ்டம்' என்று நீங்கள் இல்லாதபோது காலி செய்ய முன்வந்தால் தடுத்துவிடுங்கள், போனதைத் திரும்ப வாங்க முடியாது. நீங்களே தொடங்கும்போது மூன்று பெட்டி வையுங்கள்: இருக்கட்டும், கொடுக்கலாம், தெரியவில்லை. மூன்றாவதுதான் பெரிதாக இருக்கும். அதை மூடித் தேதி எழுதி, ஆறு மாதம் கழித்துத் திறங்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பையிலும் கை விட்டுப் பாருங்கள்; சீட்டு, சாவி, பணம் இருக்கும். வாசனைக்காக வைக்க நினைக்கும் துணியைத் துவைக்காமல், நன்றாகக் காய்ந்த நிலையில், காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடிக்கடி திறந்தால் வாசனை போய்விடும், ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

தனியாக இருப்பவருக்கு நாளுக்கு ஒரு செய்தி ஏற்பாடு வேண்டும். காலை எட்டு மணிக்குள் ஒருவருக்கு ஒரு சொல் அனுப்புவது. வராவிட்டால் ஒன்பதுக்கு அவர் கூப்பிடுவது. எடுக்காவிட்டால் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டார் வந்து பார்ப்பது. மூன்று படியும் பேசி வைத்திருந்தால்தான் பயன், 'ஏதாவது என்றால் கூப்பிடுங்கள்' என்பது ஏற்பாடு ஆகாது. குளியலறையை உள்ளே தாழிட வேண்டாம், வீட்டில்தான் வேறு யாரும் இல்லையே. உதவி செய்ய வேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கும் குறிப்பான வேலை கொடுங்கள்: செவ்வாய்க்கிழமை பேங்குக்குக் கூட வா, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து உட்கார். ஞாயிறும், மாலை விளக்கு ஏற்றும் நேரமும் பலருக்கு மிகக் கடினமான பொழுதுகள். வீடு திரும்பும்போது இருட்டாக இருக்காதபடி ஒரு விளக்கை டைமரில் போட்டுவிட்டுப் போகலாம்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் 'இறந்துவிட்டார்' என்ற சொல்லையே சொல்லுங்கள். 'தூங்குகிறார்' என்றால் குழந்தை தூங்கப் பயப்படும், 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்றால் வாசலில் காத்திருக்கும். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு விளையாடப் போவதும், அடுத்த மாதம் அதே கேள்வியைக் கேட்பதும் குழந்தைகளின் இயல்பு. அதே பதிலை அதே சொற்களில் மறுபடி சொல்லுங்கள்.

எப்போது வெளி உதவி தேட வேண்டும்? உயிரை விடும் எண்ணம் வந்தால் நாள் பார்க்க வேண்டாம், அன்றே. மற்றபடி, ஏக்கமும் வேதனையும் ஆரம்ப நாட்களின் வேகத்திலேயே ஏறத்தாழ தினமும் நீடித்து, குளிக்க, சமைக்க, வேலைக்குப் போக முடியாமல் செய்தால் அதற்கு மருத்துவத்தில் இப்போது தனிப் பெயர் உண்டு: நீடித்த துக்கக் கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ஆறு மாதமும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட திருத்தப் பதிப்பில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் எல்லையாக வைத்திருக்கிறார்கள். இதற்கென்றே வகுத்த பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன, பலருக்குப் பலன் தருகின்றன. வருட நாளிலும் பிறந்தநாளிலும் பழைய வேகம் திரும்பி வருவது இந்தக் கணக்கில் சேராது. அது வரும், போகும். அந்தத் தேதிகளை முன்கூட்டியே நோட்டில் குறித்து, அன்றைக்கு எந்த அலுவலக வேலையும் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

நோட்டு நிரம்பியதும் ஒரு பிரதி எடுத்துப் பிள்ளையிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ கொடுங்கள். வீட்டின் ஞாபகம் முழுக்க இப்போது ஒரே தலையில் இருக்கிறது. வால்வு எங்கே என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.